பாதையைப் படித்துச் சொல்பவர்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளதைப் போன்ற ஒரு வட்டப் பாதையும், அதில் தன்னந்தனியே அமர்ந்து சுற்றிவரும் ஒரு வீரனுமே ஆயினும், 'ராலி' என்று வழங்கும் பந்தயம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது மலைச்சாலைகளிலும், காட்டுத் தடங்களிலும், ஊர்ப்புறத்து மண் பாதைகளிலும் நடைபெறுவது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிஷ இடைவெளியில் புறப்பட்டு, எதிரியின் முகத்தையே காணாமல், கடிகாரத்தோடு போராடுவது. அந்தக் காரில் அமர்பவர் ஒருவர் அல்லர், இருவர். சக்கரத்தைப் பிடிப்பவரைப் பற்றி உலகம் நிறையவே பேசிவிட்டது. அவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு குறிப்பேட்டை விரித்துக் குனிந்த தலையோடு இருக்கிறாரே, கோ-டிரைவர் எனப்படும் அந்தத் துணைச் சாரதியைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வட்டப் பாதையில் ஓட்டுகிறவன் ஒரே வளைவை ஒரு நாளில் ஐம்பது தடவை சந்திக்கிறான். அது அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. ராலியிலோ நூற்றுக்கணக்கான வளைவுகள் வருகின்றன. அவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் மனித சாத்தியமன்று. ஆதலின் பந்தயத்துக்கு முன்னதாகவே இருவரும் சாதாரண வேகத்தில், பெரும்பாலும் இரண்டே தடவை, அந்தப் பாதையில் சென்றுவர அனுமதிக்கப்படுகின்றனர். முதல் தடவை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர, துணைச் சாரதி பென்சிலால் எழுதிக்கொள்கிறார். இரண்டாம் தடவை அவர் படிக்க, ஓட்டுநர் கேட்டுத் திருத்துகிறார். இவ்வாறு உருவாகும் குறிப்புகள் இலக்கணச் சூத்திரங்களைப் போன்று செறிவானவை. வளைவின் கடுமைக்கு ஓர் எண். பலரும் கையாளும் முறையில் 1 என்பது மிகக் கூர்மையான வளைவு, 6 என்பது வேகத்தைக் குறைக்காமலே கடக்கத்தக்கது. இரு வளைவுகளுக்கு இடைப்பட்ட தூரம் மீட்டரில். மேடு, பள்ளம், இறுகுதல், விரிதல் ஆகியவற்றுக்குச் சுருக்கக் குறிகள்.

எங்கள் திருச்சுழிச் சீமையிலுள்ள கண்மாய்க்கரைப் பாதை ஒன்றில் இப்படி ஒரு பந்தயம் நடப்பதாகக் கற்பித்துக்கொள்வோம். அப்போது குறிப்பேட்டில் இவ்விதம் ஒரு வரி இருக்கக்கூடும்: "இடது 4, நீளம், 80, கலுங்கில் இறக்கம், வலது 3, இறுகும், உள்ளே வெட்டாதே, மேடு தாண்டி இடது 2, எச்சரிக்கை." கரையோடு ஒட்டி நெடுகச் செல்லும் இடப்பக்க வளைவு முதலில் வருகிறது; அதன்பின் 80 மீட்டர் நேர் பாதை; பிறகு உபரி நீர் வழியும் கலுங்கில் கார் இறங்கி ஏறவேண்டும்; அடுத்த வலப்பக்க வளைவு போகப்போக நெருக்கும், அதன் உட்புறத்திலோ வெட்டிய கருவேல மரத்தின் கட்டை புல்லுக்குள் மறைந்து கிடக்கிறது; மேட்டின் மறுபுறத்துப் பாதை கண்ணுக்கே புலப்படாது, ஆயினும் அங்கே இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பியாக வேண்டும். இவ்வளவையும் சில விநாடிகளுக்குள், குரல் நடுங்காமல் சொல்லி முடிக்க வேண்டும்.

புழுதி எழும் பிரதேசங்களில் இந்தக் குரலின் மதிப்பு பன்மடங்காகிறது. பங்குனி, சித்திரையில் எங்கள் கரிசல் பாதைகளில் ஒரு லாரி சென்றால் அதன் பின்னே எழும் புழுதி நெடுநேரம் அடங்காது என்பதை இப்பக்கத்தார் அறிவர். மேற்கே கோயம்புத்தூர் ராலி நடைபெறும் கேத்தனூர்க் காற்றாலைப் பண்ணைகளும் இத்தகைய வறண்ட பூமியே. முன்சென்ற காரின் புழுதி காற்றில்லாத வேளையில் திரைபோல் தொங்கும்போது, ஓட்டுநரின் கண் செயலற்றுப்போகிறது. தலைக்கவசத்திலுள்ள பேசும் கருவி வழியாகக் காதில் விழும் எண்களே அவருக்குப் பாதை.

துணைச் சாரதியும் பாதையைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரும் வியப்பை விளைவிப்பது. காரின் கனம் தாழ்ந்திருத்தல் நலம் என்பதால் அவருடைய ஆசனம் மிகத் தாழ்வாக அமைக்கப்படுகிறது, பார்வையோ ஏட்டில். கார் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர் உடம்பால் உணர்கிறார்: இடுப்பை ஒருபுறம் தள்ளும் விசை, மேட்டில் வயிறு எழும்பும் உணர்ச்சி, பிரேக் பிடிக்கும்போது வார்களில் ஏற்படும் இழுப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு குறிப்பையும் கழித்துக்கொண்டே போகிறார். சற்று முன்னதாகச் சொன்னால் ஓட்டுநர் மறந்துவிடுவார். சற்றுத் தாமதித்தால் சொல்லிப் பயனில்லை. வரி தவறிவிட்டதாயின், ஊகித்துச் சொல்லாமல், தவறிவிட்டது என்பதை அக்கணமே அறிவித்துவிடுவதுதான் தர்மம். பொய்யான ஓர் எண் இருவர் உயிரையும் வாங்கவல்லது.

இக்கலையின் சரித்திரத்தில் 1955 மே 1-ஆம் தேதி மறக்கத்தக்கதன்று. இத்தாலியில் பிரெஷியாவிலிருந்து ரோமாபுரி சென்று மீளும் ஆயிரம் மைல் பந்தயமாகிய மில்லே மில்லியாவில், ஸ்டர்லிங் மாஸ் என்ற ஆங்கில வீரருக்குத் துணையாக டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர் அமர்ந்தார். முன்னதாகப் பாதையைப் பார்வையிட்டு எடுத்த குறிப்புகளை ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதி, கண்ணாடிப் பலகணி வைத்த அலுமினியப் பெட்டிக்குள் அமைத்து, சுருட்டச் சுருட்ட அடுத்த வரி தெரியுமாறு செய்துகொண்டார். திறந்த காரின் பேரிரைச்சலில் பேச்சு கேளாது என்பதால் அனைத்தையும் கைச்சைகையாலேயே உணர்த்தினார். மறுபுறம் தெரியாத மேடுகளை அவர் கையை நம்பி மாஸ் முழு வேகத்தில் ஏறிக் கடந்தார். வழியில் ஜென்கின்சன் வாந்தியெடுத்தார், மூக்குக் கண்ணாடியைக் காற்றுக்குப் பறிகொடுத்தார். சைகை மட்டும் நிற்கவில்லை. 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் பந்தயம் முடிந்தது. 1957-இல் அப்பந்தயமே நின்றுபோகும் வரையில் அந்த நேரத்தை எவரும் முறியடிக்கவில்லை.

படித்துச் சொல்வதோடு துணைச் சாரதியின் கடமை முடிவதில்லை. சோதனைச் சாவடிகளுக்குக் குறித்த நிமிஷத்தில் சேர்வதற்கும், நேர அட்டையில் பதிவு செய்விப்பதற்கும் இவரே பொறுப்பு. சர்வதேச விதியின்படி ஒரு நிமிஷம் பிந்தினால் 10 விநாடி தண்டம், ஒரு நிமிஷம் முந்தினால் முழு நிமிஷமே தண்டம். டயர் வெடித்தால் இருவரும் இறங்கி மாற்ற வேண்டும். விபத்து நேர்ந்தால் பின்வரும் கார்களுக்கு எச்சரிக்கை முக்கோணத்தை வைப்பதும், உதவி வேண்டாம் எனின் பச்சை எழுத்துப் பலகையையும், உயிருக்கு ஆபத்து எனின் சிவப்புப் பலகையையும் காட்டுவதும் வழக்கம். சிவப்பைக் கண்ட எவரும், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், நின்றே தீர வேண்டும். ஆபத்து மெய்யானது: 2005 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டு ராலியில் கார் மரத்தில் மோதி, எஸ்டோனிய வீரர் மார்க்கோ மார்ட்டினின் துணைச் சாரதி மைக்கேல் பார்க் உயிர் நீத்தார்.

புகழ் இவர்களுக்குக் குறைவாகக் கிட்டினும் பட்டம் பொதுவானது. 2004 முதல் 2012 வரை ஒன்பது முறை செபாஸ்தியன் லோப் உலகச் சாம்பியனானபோது டேனியல் எலினாவும் ஒன்பது முறை சாம்பியனானார். 1981-இல் மிஷேல் மூட்டோன் என்ற வீராங்கனை சான்ரெமோ ராலியை வென்றபோது பாதையைப் படித்தவரும் ஃபாப்ரிட்சியா போன்ஸ் என்ற பெண்மணியே. நம் நாட்டில், காசர்கோட்டுக்கு அருகேயுள்ள மொக்ராலைச் சேர்ந்த மூசா ஷெரிஃப், கௌரவ் கில் முதலிய பல ஓட்டுநர்களுக்குத் துணையிருந்து தேசியப் பட்டங்களைப் பன்முறை ஈட்டியவர். 2013-இல் சென்னை எம்.ஆர்.எஃப். குழுவுக்காகக் கில் ஆசிய-பசிபிக் பட்டத்தை வென்றபோது உடனிருந்தவர் கிளென் மக்னீல் என்ற ஆஸ்திரேலியர். ஓட்டுநரைக் கொண்டாடும் செய்திகளில் இத்தகையோர் பெயர் கடைசி வரியில் வருவது எனக்கு உவப்பாக இல்லை.

வேகத்தைவிடக் கணக்கையே பிரதானமாகக் கொண்ட மற்றொரு வகை ராலியும் உண்டு. அதில் குறித்த சராசரி வேகத்தில் குறித்த தூரத்தைக் கடக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என விதித்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி, முந்தினாலும் பிந்தினாலும் தண்டம். சென்னை, மும்பை முதலிய நகரங்களில் கண்பார்வையற்றவர்கள் துணைச் சாரதிகளாக அமரும் ராலிகள் இம்முறையில் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. வழிக்குறிப்பு பிரெயில் எழுத்தில் புள்ளிகளாக அச்சிடப்பட்டிருக்கும். ஓட்டுநர் அதைப் படிக்க அறியார். எத்தனையாவது மீட்டரில் எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு வேகத்தில் செல்வது என்பதையெல்லாம் பக்கத்தில் இருப்பவர் விரலால் தடவிச் சொன்னால்தான் கார் அந்தத் தெருவைவிட்டு அடுத்த தெருவுக்குள் நுழையும்.