மன்றத்துக்குச் செக்ரோல் போடுவது யார்?

தராசு பிடிக்கிற ஆளே கணக்கும் எழுதக் கூடாது என்பது, தோட்டத்தில் பால் நிறுத்த காலத்திலேயே நமக்குத் தெரிந்த விஷயம். "கிராணியைத் திருடன்னு சொல்லலை, தப்பு நடக்க வழி வைக்காதீங்கன்னுதான் சொல்றோம்" என்று நம் பெரியவர்கள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அதையேதான் இன்று அரசாங்க அலுவலகங்களில் 'பெங்குருசான் ரிசிகோ' என்று பெயர் வைத்துச் செய்கிறார்கள். தமிழில் இடர் நிர்வாகம் எனலாம். தங்கள் நிறுவனத்தில் எங்கே ஓட்டை விழும், விழுந்தால் எவ்வளவு நஷ்டம், அதை அடைக்க வேண்டியவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக் கண்காணிப்பதுதான் அது.

"நகராண்மைக் கழகத்துக் கவலை நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த நம் குடும்பங்கள் எத்தனை! மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். கடைக்கு லைசென்ஸ் எடுக்கிறோம். வீட்டின் பின்னால் ஓரறை கூட்டிக் கட்டவும் அங்கேதான் பிளான் கொண்டுபோகிறோம். 2021இல் மாவட்ட மன்றமாக இருந்த பொந்தியான் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. பெயர் உயர்ந்தால் பொறுப்பும் உயர வேண்டும்.

பொந்தியான் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத் தாழ்நிலம், உள்ளே போனால் மிதித்தால் அமுங்கும் கரிச் சதுப்பு. அணையும் கதவும் இல்லாவிட்டால் செம்பனையும் இல்லை, அன்னாசியும் இல்லை. கடல் ஏறும் வேளையில் கதவை மூடியாக வேண்டும். அதே வேளை கனமழையும் பிடித்துக்கொண்டால் உள்ளே உள்ள தண்ணீர் எங்கே போகும்? அணையும் கதவும் வடிகால் இலாகாவின் பொறுப்பு. தாமான் கால்வாய் கழகத்தின் பொறுப்பு. தோட்டத்து வாய்க்கால் நிர்வாகத்தின் பொறுப்பு. சாலையோரக் கான் பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்ததாகவும் இருக்கும். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. வீட்டுக்குள் வந்த பிறகு, "அது எங்க கால்வாய் இல்லே" என்று பதில் வரும். குப்பை விஷயமும் இப்படித்தான். 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூரில் அந்தப் பொறுப்பு திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகத்துக்கும் அதன் குத்தகை நிறுவனத்துக்கும் போய்விட்டது. சனங்கள் இன்னமும் நகராண்மைக் கழகத்தைத்தான் திட்டுகிறார்கள்!

இப்படி இரண்டு இலாகாக்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளைத்தான் இடர்ப் பதிவேட்டில் முதலில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆபத்துக்கும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதற்கு 1 முதல் 5. நடந்தால் எவ்வளவு கேடு, அதற்கும் 1 முதல் 5. இரண்டையும் பெருக்கி, கூடுதலாக வந்தால் சிவப்பு, நடுத்தரமானால் மஞ்சள், குறைந்தால் பச்சை. வெள்ளம், வரி பாக்கி, கம்ப்யூட்டர் பழுது, டெண்டரில் கள்ளத்தனம், அமலாக்க அதிகாரியின் கையூட்டு என்று எதுவும் அதில் இடம் பெறலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. அந்த நாள் வந்ததும் வேலை நடந்ததா என்று உள்கணக்காய்வாளர் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் தேசிய ஊழல் தடுப்புத் திட்டம் வெளியான பிறகு, அரசு நிறுவனங்கள் தத்தமக்கென ஊழல் தடுப்புத் திட்டமும் எழுத வேண்டியதாயிற்று. ஆண்டுக் கணக்கு இருக்கவே இருக்கிறது.

எல்லாம் சரி. பச்சை என்று போட்டது உண்மையிலேயே பச்சைதானா என்று வெளியிலிருந்து பார்ப்பது யார்? ஒரு காலத்தில் ஓட்டுச் சீட்டு பார்த்தது. 1965இல், இந்தோனேசிய மோதல் சமயத்தில், ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அடுத்து, சீர்கேடு என்று காரணம் காட்டி, நம் பக்கத்து பத்து பகாட் உட்படச் சில மன்றங்களை மாநில அரசுகள் தம் கையில் எடுத்துக்கொண்டன. இந்த மன்றங்களின் நடப்பை ஆராய அமைத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அறிக்கை 1971இல்தான் வெளியே வந்தது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது அந்தக் குழு. அரசாங்கமோ 1976இன் ஊராட்சிச் சட்டத்தில் தேர்தலையே எடுத்துவிட்டது. இன்று தலைவர் ஒருவர், கவுன்சிலர்கள் 8 முதல் 24 பேர் வரை; எல்லாரையும் நியமிப்பது மாநில அரசு. நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்ட கதை என்றே நாம் இதைச் சொல்வோம்.

சரி, நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். 1993 டிசம்பர் 11இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2000இல் உயர்நீதிமன்றம், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று 2006இல் தீர்ப்பாகி, அந்தப் பொறுப்பும் இல்லாமல் போயிற்று. ஆகவே, விழுந்த பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிட முடியாது.

ஓட்டுப் போடுகிற ஊரிலும் கண்டும் காணாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சாட்சி. அங்கே நகர மன்றத்தில் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு, குப்பை அள்ளிய ஆண்களுக்குக் கிடைத்த போனஸ் கிடைக்கவில்லை. பெண்கள் விடாமல் வழக்காடி 2012இல் உச்சநீதிமன்றம் வரை வென்றார்கள். கூலிக் கணக்கில் அநியாயம் இருப்பது மன்றத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முழுசாகச் சரிசெய்யவில்லை. பாக்கி வளர்ந்து வளர்ந்து, 2023இல் 65 கோடி முதல் 76 கோடி பவுன் வரை என்று மதிப்பிட்டார்கள். புதுக் கணக்குக் கம்ப்யூட்டரும் சேர்ந்து காலை வாரியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, அத்தியாவசியம் தவிர வேறெதற்கும் புதிதாகப் பணம் இல்லை என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு வரி ஏறக்குறைய 10 விழுக்காடு ஏறியது. கட்டினது யார்? ஏமாந்த அதே பெண்களின் குடும்பமும் சேர்த்துத்தான்.

நம் கையில் மிச்சம் இருக்கும் உரிமை இரண்டு. மன்றத்தின் முழுக் கூட்டம், வேண்டாமென்று தீர்மானம் போட்டாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. அடுத்து, கூட்டக் குறிப்பை மதிப்பீட்டு வரி செலுத்துவோர் அலுவலகத்தில் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் நகலும் கிடைக்கும். லயத்தில் இருப்பவர்கள் நேரடியாக வரி கட்டுவதில்லை. தாமானில் வீடு வாங்கிய மகனோ மருமகளோ போய்க் கேட்கட்டும். லயத்து வீட்டின் கூரை, தண்ணீர், கழிவறை விஷயமென்றால் கழகத்துக்கு அலைய வேண்டாம். அதற்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது. பொறுப்பு முதலாளியுடையது, போக வேண்டிய இடம் தொழில் இலாகா.

கால்வாய் விஷயத்தில் கவுன்சிலரைக் காப்பிக் கடையில் பார்த்து வாயால் சொல்லிவிட்டு வருவது நம் வழக்கம். அவர் தலையாட்டுவார், நாமும் திரும்பிவிடுவோம். வாயால் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எழுதிக் கொடுத்தால், "இந்த ஆபத்து எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. பச்சையாக இருந்தது சிவப்பாவதற்கும் வழி பிறக்கும். மழைக்காலத்துக்கு முன்பே எழுதுங்கள். தெருப் பெயர், தண்ணீர் நின்ற தேதி, முழங்கால் அளவா இடுப்பளவா, எத்தனை மணி நேரம் கழித்து வடிந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். கால்வாய் யாருடையது என்று சந்தேகமிருந்தால் வடிகால் இலாகாவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கவுண்டரில் கொடுக்கும்போது உங்கள் நகலிலும் தேதியுடன் முத்திரை குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.