இறால் குட்டைகளுக்கு ஏரேட்டர் தேர்ந்தெடுத்தல்

நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய கடலோர ஜில்லாக்களில் உப்புநீர்க் குட்டைகள் அமைத்து இறால் வளர்க்கும் நிலச்சுவான்தார்கள் பலர் உளர். 2009-ஆம் வருஷத்தில் வனாமி இறால் வளர்ப்புக்கு இந்தியாவில் அனுமதி அளிக்கப்பட்டபின், இறாலை நெருக்கமாக விட்டு வளர்ப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு வளர்ப்பதற்கு ஏரேட்டர் என்னும் இயந்திரம் இன்றியமையாதது. அது ஜலத்தில் பிராணவாயுவைக் கலப்பதோடு ஜலத்தைச் சுழலவும் செய்கிறது. இதை வாங்குகையில் ஏக்கருக்கு இத்தனை என்று கணக்கிடுவோரும், விலைக் குறைவு ஒன்றையே கருதுவோரும் உண்டு. இவ்விரண்டும் சரியான வழிகளல்ல. அறுவடைக் காலத்தில் குட்டையிலிருக்கும் இறாலின் எடையையும், பொழுது விடியுமுன் ஜலத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் கொண்டே இயந்திரத்தை நிர்ணயித்தல் வேண்டும்.

பிராணவாயு குறையும் வேளை.— 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 7½ மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; கடல்நீரோ சுமார் 6¼ மில்லிகிராமே தாங்கும். பகலில் ஜலத்திலுள்ள பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் பாசியும், இறாலும், அடிச்சேற்றிலுள்ள கிருமிகளும் ஒருங்கே அதைச் செலவழிக்கின்றன. ஆகையால் சூரியோதயத்துக்குச் சற்று முன்பே அது மிகவும் குறைந்திருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் காப்பது நலம். 3-க்குக் கீழ் இறங்கினால் இறால் வாடும். விடியற்காலையில் இறால்கள் மேல்மட்டத்தில் நீந்துவது அபாயக் குறியாகும். மேகமூட்டமான நாட்களிலும், பாசி திடீரென மடியும்போதும் குறைவு இன்னும் அதிகமாகும். வடகிழக்குப் பருவமழையில் பெய்யும் நன்னீர், கனம் குறைந்ததாதலால் உப்புநீரின்மேல் தனியே நிற்கும். இறால் வசிக்கும் அடிமட்டத்துக்குக் காற்று எட்டாது. அக்காலத்தில் ஜலத்தைச் சுழற்றிக் கலப்பதே ஏரேட்டரின் முக்கிய வேலையாகும்.

குதிரைத் திறன் கணக்கு.— ஒரு குதிரைத் திறன் சுமார் 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும் என்று கொள்ளலாம். உதாரணமாக, 4,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் குட்டையில், சதுர மீட்டருக்கு 40 வீதம் 1,60,000 குஞ்சுகள் விட்டதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் எடை வந்தால் மொத்தம் 2,560 கிலோ ஆகும். இதை 400-ஆல் வகுக்க, சுமார் 6½ குதிரைத் திறன் தேவை என்று ஏற்படும். 2 குதிரைத் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் அவ்விரவைக் கடத்திவிடும். இரண்டு பெரிய இயந்திரங்களை மட்டும் நம்பியவருக்கு, ஒன்று நின்றாலும் பாதிப் பலம் போய்விடும். முதல் மாதத்தில் இறால் சிறிதாயிருப்பதால் ஒன்றிரண்டை ஓட்டினால் போதும். எடை ஏற ஏற மற்றவற்றையும் ஓட்டவேண்டும்.

வகைகள்.— ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குட்டைகளுக்குத் துடுப்புச் சக்கர ஏரேட்டரே ஏற்றது. சோதனைத் தொட்டியில் அது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 கிலோ பிராணவாயுவைக் கலக்கும். குட்டையில் ஏற்கெனவே ஓரளவு பிராணவாயு இருப்பதால் அதில் பாதிக்கும் குறைவே கிடைக்கும். விற்பனைத் தாளில் கண்ட அளவை அப்படியே நம்பலாகாது. அடியில் குழாய் பதித்துக் காற்று ஊதும் முறையில், ஆழம் குறைந்த இடத்தில் குமிழிகள் விரைவில் மேலேறி வீணாகும். காற்றை உறிஞ்சி நீருக்குள் செலுத்தும் சுழலி வகை, ஆழம் மிகுந்த குட்டைகளுக்கே துணையாக உதவும். துடுப்பு சுமார் 10 சென்டிமீட்டர் மட்டுமே நீரில் அமிழவேண்டும். அதற்குமேல் அமிழ்ந்தால் மோட்டாருக்குப் பாரம் அதிகமாகிக் கருகிப்போகும்.

வைக்கும் இடம்.— எல்லா இயந்திரங்களும் ஜலத்தை ஒரே திசையில் சுற்றச் செய்யவேண்டும். அப்போது கழிவும் எஞ்சிய தீனியும் நடுவில் சேரும். சுற்றிலும் தரை சுத்தமாயிருக்கும். எதிரெதிராக வைத்தால் கழிவு எங்கும் பரவும். கரைக்கு மிக அருகில் வைத்தால் மண் அரிக்கும்.

உப்பும் மின்சாரமும்.— உப்புநீர் இரும்பை விரைவில் அரித்துவிடும். அச்சும் திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் வேண்டும்; அதிலும் 304 என்னும் தரத்தைவிட 316 உப்பை நன்கு தாங்கும். அறுவடை முடிந்ததும் நன்னீரால் கழுவி, ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயை மாற்றவேண்டும்.

மேற்சொன்ன 8 குதிரைத் திறன் சுமார் 7 கிலோவாட் இழுக்கும். இரவில் 10 மணி நேரம் ஓடினால் 70 யூனிட் செலவாகும். மின்சாரம் தடைப்பட்டால் உடனே இயக்கக்கூடிய டீசல் ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும். தொடங்கும்போது மோட்டார் பன்மடங்கு மின்சாரம் இழுப்பதால் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டவேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் எர்த் இணைப்பும், கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இருத்தல் அவசியம். இயந்திரம் ஓடுகையில் ஆட்களை நீரில் இறங்க விடலாகாது. உப்புநீரில் கசியும் மின்சாரம் உயிரைப் போக்கும்.

கடலோர இறால் பண்ணைகள் 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யப்படவேண்டியவை. பண்ணைகளைப் பார்வையிடும் கிராம அலுவலர்கள் பதிவோடு எர்த் இணைப்பையும் ஜெனரேட்டரையும் கவனித்து எச்சரிப்பது பேருதவியாகும். மூன்று நான்கு மாதத் தீனிச் செலவும், அதற்கு வாங்கிய கடனும் ஒரே இரவில் அழிந்துபோகக்கூடும். ஆகவே, குஞ்சு விடுமுன் இயந்திரம் எத்தனை கிலோவைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குமேல் விடாதிருப்பதே விவேகம். இயந்திரம் வாங்கப் பணம் போதாதவர், குஞ்சின் தொகையைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.