தறிக்கூடத்துக்குள் நுழைந்த சாதி

இயந்திரம் வந்தால் சாதி போய்விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரயிலில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். ஆலையில் எல்லோரும் ஒரே சங்கு ஊதித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு தீட்டுக்கு இடமேது என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை என்பதைப் பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1854ஆம் ஆண்டு காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயில் முதல் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த நகரம் புகைபோக்கிகளால் நிறைந்தது. கொங்கணம், சதாரா பகுதிக் கிராமங்களிலிருந்து மக்கள் வேலை தேடி வந்தார்கள். அவர்களில் மகர் மக்களும் இருந்தார்கள். ஊரில் அவர்கள் செய்தது ஊர் ஊழியம். செத்த மாட்டை அகற்றுவது, சேதி கொண்டு போவது, அதிகாரி வந்தால் ஏவல் செய்வது. இதற்குக் கிடைத்தது களத்து மேட்டுத் தானியமும் மிச்சம் மீதியும்தான். நம் ஊர்களில் வெட்டியான் வேலை இருந்த மாதிரிதான்.

ஆலை இந்தக் கட்டை அவிழ்த்தது. கூலி காசாகக் கைக்கு வந்தது. வேலை நேரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. சங்கு ஊதினால் வெளியே வரலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். கூலி குறைவுதான், குடியிருப்பு நெருக்கடிதான். ஆனாலும் ஊரின் பிடியிலிருந்து விடுபட்ட முதல் தலைமுறைக்கு இது சின்ன மாற்றம் அல்ல.

வாயில் வைத்த நூல்

ஆனால் ஆலைக்குள்ளும் ஒரு கதவு அடைத்தே இருந்தது. நூற்புப் பிரிவில் தாழ்த்தப்பட்டோருக்கு வேலை உண்டு. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் இல்லை. காரணம் ஒரு நூல்.

தறியில் ஊடை நூலைக் கொண்டு போவது நாடா. அதிலுள்ள தார் தீர்ந்ததும் புதுத் தாரை வைத்து, நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரிடும். தீண்டத்தகாதவர் எனப்பட்டவர் வாய் வைத்ததில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே வந்த எதிர்ப்பு, நோய் தொற்றும் என்பதற்காக. இங்கே சாதி தொற்றும் என்று அஞ்சினார்கள். கதவைச் சாத்தியவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்த தொழிலாளர்களே என்பதுதான் நம்மை வருத்துகிறது.

1928இல் பம்பாயில் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். டாக்டர் அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார். முதலாளியிடம் உரிமை கேட்கிறீர்கள், உங்கள் சக தொழிலாளிக்கு நெசவுப் பிரிவில் இடம் உண்டா? அந்தக் கோரிக்கையையும் பட்டியலில் சேர்க்கும்படி வலியுறுத்தினார். தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஏற்றார்கள். பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அவர். ஏட்டில் படித்து இதைப் பேசவில்லை.

பொருளாதாரத்துக்கு ஒரு திருத்தம்

தொழிற்புரட்சி வேலையை மாற்றியதோடு பொருளாதாரச் சிந்தனையையும் மாற்றியது. 1776இல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிலை உதாரணம் காட்டினார். வேலையைப் பல கூறாகப் பிரித்துப் பத்துப் பேர் செய்தால் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்யலாம். பழக்கமில்லாத ஒருவர் தனியாகச் செய்தால் இருபதுகூடத் தேறாது என்றார். உழைப்புப் பிரிவினையே செல்வத்தின் ஊற்று என்பது அவர் முடிவு.

சாதியை ஆதரித்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சாதியும் உழைப்புப் பிரிவினைதானே என்றார்கள். 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதற்குப் பதில் சொன்னார். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது. திறமையைப் பார்த்து வேலை தருவதில்லை, பிறப்பைப் பார்த்துத் தருகிறது. ஒரு தொழில் நசிந்தால் இன்னொன்றுக்கு மாறவும் விடுவதில்லை. அதனால் வேலையின்மைக்கும் அதுவே காரணமாகிறது.

ஆனால் அவர் தொழில்மயத்தை வெறுக்கவில்லை. 1918இலேயே சிறு நில உடைமை பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தை நம்பி வேலையின்றிக் கிடக்கும் கைகளுக்கு ஆலைகளே வழி என்று வாதிட்டார். வைஸ்ராய் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தார். 1946இல் வந்த சட்டத் திருத்தம் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்தது. ஆலை வேண்டும், அதற்குள் நீதியும் வேண்டும் என்பதே அவர் நிலை.

இன்றைய வாசல்

நூலை வாயால் உறிஞ்சியது இன்று பழைய கதையாகத் தோன்றலாம். ஆனால் நம் மாணவர்கள் சிப்காட் வாசலில் நிற்கும்போது பழைய கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எந்தப் பிரிவில் வேலை? இயந்திரத்தின் முன்பா, கழிப்பறை வாசலிலா? நிரந்தரமா, ஒப்பந்தமா? துப்புரவுப் பணிக்கு மட்டும் ஏன் எப்போதும் சேரியைத் தேடி ஆள் வருகிறது?

ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பிரிவு 3ஏ, பழகுநர் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு தருகிறது. மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டே இடங்களின் எண்ணிக்கை வகுக்கப்படுகிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். வேலையில் ஒதுக்கீடு இல்லாத தனியார் துறையில், பயிற்சிக்காவது இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. இது தெரியாமல் திரும்பி வருகிற பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. அதன் முன் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் 1928இல் கேட்டார்கள். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.