பிஸ்கற் பக்கற்றும் வெங்காயச் சாக்கும்

இரத்மலானை என்ற பெயரைக் கேட்டதும் எம்மவரில் மூத்தோருக்கு நினைவில் எழுவது 1983ஆம் ஆண்டின் ஆடி மாதமே. கொழும்பிலும் அயலிலும் வீடு வாசல் இழந்த தமிழ் மக்கள் பெருந்தொகையாக அங்குள்ள விமான நிலையத்தில் அடைக்கலம் புகுந்தனர். இடம்பெயர்வு என்றால் என்ன என்பதை அறிந்த ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் இன்று நாம் அவ்வூரைப் பற்றி எழுதுவது வேறொரு காரணத்துக்காக. காலி வீதியில் கல்கிசையைக் கடந்து மொறட்டுவை நோக்கிச் செல்வோர் அங்கே மலிபன் பிஸ்கற் தொழிற்சாலையைக் காண்பர். அதன் வரலாற்றில் தோட்டக்காரராகிய நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து

தென்னிலங்கைக் கிராமமொன்றிலிருந்து பிழைப்புத் தேடிக் கொழும்புக்கு வந்தவர் ஏ. ஜி. ஹின்னி அப்புஹாமி. புறக்கோட்டையில் மலிபன் வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். அந்த வீதியின் பெயரையே தம் பொருளுக்கும் இட்டு, 1954இல் பிஸ்கற் உற்பத்தியைத் தொடங்கினார். பின்னர் தொழிற்சாலை இரத்மலானையில் அமைந்தது. காலப்போக்கில் மலிபன் என்ற பெயர் நாடெங்கும் வீட்டுப் பெயராயிற்று.

1968இல் பன்னிப்பிட்டியில் இன்னொரு பிஸ்கற் கம்பனி தோன்றியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சத்துணவாகப் பிஸ்கற் வழங்கும் திட்டத்துக்கு உற்பத்தி செய்வதே அதன் முதல் வேலை. அதாவது, அதற்கு இருந்தது ஒரேயொரு பெரிய வாங்குனர். அந்தத் திட்டத்தையே நம்பியிராமல் 'மன்ச்சி' என்ற பெயரில் அது பொதுச் சந்தையில் இறங்கியது. நாளடைவில் மூத்த கம்பனியையும் முந்தியது. ஆயினும் மலிபன் அழிந்துவிடவில்லை. இரண்டும் இன்றும் ஒரே கடையின் ஒரே தட்டில் அருகருகே நிற்கின்றன. போட்டி வந்ததால் இருவருமே தரத்தையும் வகைகளையும் பெருக்க வேண்டியதாயிற்று.

எமக்கு நேர்ந்தது என்ன?

இனி எம் கதையைப் பார்ப்போம். 1970 முதல் 1977 வரையான அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்தவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் இளைஞர்கள் காடு வெட்டித் தோட்டம் செய்தனர். கல் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்திறங்க, எம் பொருளின் விலை விழுந்தது. எம் உழைப்பு குறையவில்லை, மண்ணும் மாறவில்லை. மாறியது சந்தை. அந்த மாற்றம் எம்மைக் கேட்டு நடக்கவில்லை.

அதன்பின் வந்தது யுத்தம். பாதை மூடப்பட்டது. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006இல் மறுபடி மூடப்பட்டது. யுத்தம் முடிந்த 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று தம்புள்ளை மரக்கறி எம் சந்தைக்கு வருகிறது. எம் பொருளும் தெற்கே போகலாம். ஆனால் இடம்பெயர்ந்து, காணியையும் கிணற்றையும் கருவிகளையும் இழந்து, கடனோடு மீண்டும் தொடங்கியவர்களுக்கு இது சமமான போட்டி அல்ல என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

சாக்கின் குறை எது?

பிஸ்கற் பக்கற்றில் பெயர் இருக்கிறது, நிறை இருக்கிறது, விலை இருக்கிறது. மாதக்கணக்கில் பழுதாகாது. வெங்காயச் சாக்கில் இவை ஒன்றும் இல்லை. நிறையையும் விலையையும் வாங்குபவரே சொல்கிறார்.

யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' எடுக்கும் வழக்கத்தை வாசகர் அறிவர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 கிலோ கொண்டுபோகிறோம், கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கழிவு 50 கிலோ. அப்படியானால் 10,000 ரூபா எங்கள் கைக்கு வராமலே போகிறது. கள்ளத் தராசை வேதாகமம் அருவருப்பானது என்கிறது. நிறையில் நீதி கேட்பது பேராசை அல்ல, அது எம் உரிமை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரே ஆளுக்கு விற்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டும். பன்னிப்பிட்டிக் கம்பனி செய்தது அதுவே. விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் தந்தவருக்கே விளைச்சலையும் கொடுக்க வேண்டியிருக்கும்போது விலை பேச வாய் எழாது. சிறு சேமிப்புக் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முற்பணம் பெற வழியிருந்தால் அதை முதலில் நாடுவோம்.

இரண்டாவது, போன போகம் விலை ஏறிய பயிரையே இந்தப் போகம் ஊரெல்லாம் நடுவதை நிறுத்த வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் கிண்டினால் போட்டி எங்களுக்குள்ளேயே. யார் எதை, எப்போது நடுவது என்று கமக்காரர் அமைப்பில் கூடிப் பேசலாம்.

மூன்றாவது, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தராசு வாங்கலாம். வீட்டிலேயே நிறுத்து, பெரியது சிறியது பிரித்து, ஒன்றாக லொறி ஏற்றினால் நிறை எங்கள் கையில் இருக்கும். கழிவைப் பற்றியும் தனியாளாக அல்ல, கூட்டாகப் பேசலாம். கொழும்புப் பக்கத்துச் சந்தைகளின் அன்றைய விலையைத் தொலைபேசியில் கேட்டறிந்தபின் பேரம் பேசலாம்.

நான்காவது, எல்லாவற்றையும் பச்சையாகவே விற்க வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த வெங்காயத்தைப் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தூக்கிவைத்தால் சில வாரம் பொறுத்து விற்கலாம். மிளகாய்த் தூள், ஒடியல் மா போன்றவற்றைச் சுத்தமாகச் செய்து, சரியான நிறையோடு ஊரின் பெயரை ஒட்டி விற்கலாம். ஆனால் ஒன்று: முதல் பக்கற்றில் இருந்த தரம் நூறாவது பக்கற்றிலும் இருக்க வேண்டும். பெயர் சம்பாதிக்க வருடங்கள் எடுக்கும், கெடுக்க ஒரு பக்கற்றே போதும்.

இவை அனைத்தும் செய்தாலும் இறக்குமதிக் கொள்கையை நாம் தனியே மாற்ற முடியாது. அறுவடை நேரத்தில் இறக்குமதி வேண்டாம் என்று கேட்க அமைப்பாகத் திரண்ட குரல் வேண்டும். புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடை ஒரே நாளில் இரத்மலானைத் தொழிற்சாலை ஆகவில்லை. அடுத்த போகத்துக்கு விதை வாங்குமுன், உங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புங்கள்: இதை யாருக்கு, எப்போது, யாருடைய தராசில் விற்கப் போகிறோம்?