‘மருந்து’: பட்டாசுத் தொழில் வழக்கில் ஒரு சொற்பொருள் நோக்கு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியிலும் சிவகாசிச் சுற்றுவட்டாரத்திலும் ‘மருந்து’ என்பது பட்டாசினுள் அடைக்கப்பெறும் வேதிக்கலவையைக் குறிக்கும். மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல் என்பன அத்தொழிலின் வழக்குத் தொடர்கள். பிணி தீர்ப்பதன் பெயர் உயிர்போக்க வல்லதற்கு ஆனமை எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இப்பொருள் இவ்வட்டாரத்திற்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு ‘மந்து’, கன்னட ‘மத்து’ ஆகிய இனச்சொற்களும் இவ்விரு பொருளையும் தருகின்றன. மராத்தியில் வெடிமருந்தைக் குறிக்கும் ‘தாரூ’ பாரசீக வழிவந்தது. அங்கு அதன் பொருள் மருந்து. வெடிமருந்தின் சீனப் பெயராகிய ‘ஹுவோயாவ்’ ‘நெருப்பு மருந்து’ எனப் பொருள்படும். ஒன்றைப் பின்பற்றி மற்றொன்று தோன்றியிருத்தல் கூடும். எனினும் அப்பெயர் தமிழில் எளிதில் நிலைபெறுதற்குரிய அடிப்படை ஈண்டே உள்ளது. வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்திலும் பயன்படுவன. பொடித்தல், சலித்தல், அளவறிந்து சேர்த்தல் ஆகியன இரு தொழிற்கும் பொது.

மேலும், தமிழில் ‘மருந்து’ நன்மையை மட்டும் சுட்டுவதன்று. வசியத்திற்கு இடுவது ‘இடுமருந்து’. கரிசல் நிலத்துப் பருத்திக்குத் தெளிக்கும் நஞ்சு ‘பூச்சிமருந்து’. சிறிய அளவிலேயே பெருவிளைவு தரும் பொருள் என்பதே இவையனைத்திற்கும் பொதுப்பொருள் எனலாம்.

எனவே பட்டாசுத் தொழிலுக்கான பாதுகாப்பு அறிவுரைகள் தொழிலாளர் வழங்கும் இச்சொல்லாலேயே அமைதல் வேண்டும். உராய்வால் தீப்பற்றுவது அவர்தம் வழக்கில் வேதிக்கலவை அன்று, மருந்தே.