எர்த்தைக் கழற்றிய பிறகே மற்றதைத் தொடுங்கள்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதியில் திகனையைத் தாண்டினால் தெல்தெனிய. பழைய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட அணைக்காக மேட்டுக்கு இடம்பெயர்ந்ததுதான் இன்றைய நகரம். சுற்றியுள்ள வீடுகளின் முற்றங்களும் பெரும்பாலும் சரிவுதான். மெனுவல் கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வசதி. இரவில் காரை இறக்கம் பார்க்க நிறுத்திவிட்டால், காலையில் பெட்டரி கைவிட்டாலும் கவலையில்லை. ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கார் உருண்டதும் செகண்ட் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்த வித்தையை நான் மெச்சமாட்டேன். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் வேலை செய்யாது. பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். இறக்கத்தின் அடியில் பிரதான வீதி இருந்தால் அது ஸ்டார்ட் எடுக்கும் முறையல்ல, சூதாட்டம். ஒட்டோ கியர் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் இந்த வழி பலிக்கவே பலிக்காது. ஆகவே சாகும் நிலையிலுள்ள பெட்டரியோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுவதே மேல். ஞாயிறு காலையில் கண்டிக் கடையெல்லாம் பூட்டியிருக்கும்போது அது காலைவாரும் முன்பே மாற்றுங்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்குத் தனிக் காரணமும் உண்டு. 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து வருடம் இருந்த கார்களையே ஓட்டினோம். நடுவில் 2022இல் எரிபொருளே இல்லை. பின்பு கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீட்டர் என்றானது. ஓடாமல் முற்றத்தில் நின்ற கார்களில் முதலில் செத்தது பெட்டரிதான். ஈய அமிலப் பெட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்படிக் கெட்டிப்பட்டது மறுபடி முழுதாகக் கரைவதில்லை.

கடைக்குப் போகும் முன் குற்றம் பெட்டரியில்தானா என்று பாருங்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், சுத்தம் செய்து இறுக்கினாலே கார் ஸ்டார்ட் ஆகலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுதும் ஓய்வாக நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். ஏறாமல் 12லேயே நின்றால் கோளாறு ஓல்டர்னேட்டரில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் புதுப் பெட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

வாங்கும்போது பழையதன் மேலுள்ள எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 46பி24எல் என்று இருந்தால், 46 அதன் வலு, பி அகலமும் உயரமும், 24 சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து, பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கி வந்தால் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்து எட்டவைத்தால் அதைவிட ஆபத்து. கடைக்காரர்கள் என்எஸ்60 என்று கேட்டால் விழிக்க வேண்டாம், இதே அளவின் பழைய பெயர்தான் அது. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். தட்டில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டரிக்குப் புதுப் பெட்டரியின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி வேலை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வைத்து, சாவியை எடுத்துத் தூர வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

மோதிரம் எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. 12 வோல்ட் மனிதனுக்கு ஷொக் அடிக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் உலோகம் பாலம் போட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலில் இருப்பதைக் கழற்றவும் நேரம் கிடைக்காது. ஸ்பேனர் என்றால் பொறி பறந்து முனையோடு ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அந்த நேரத்தில் ஒரு பொறி விழுந்தால் பெட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும்.

“மைனஸை முதல்ல கழட்டு” என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. நாம் எர்த் என்று சொல்வது அதைத்தான். மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதான். பிளஸை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே சுற்று முழுமையாகிவிடும். எர்த்தைக் கழற்றிவிட்டால் பாடிக்கும் பெட்டரிக்கும் உறவில்லை, பிறகு பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் எங்கே இடித்தாலும் பயமில்லை. பூட்டும்போது வரிசை தலைகீழாகும். முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கழற்றிய எர்த் கேபிள் தானாகத் துள்ளி முனையில் படாமல் உலர்ந்த துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

காரணத்தை விட்டு வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒரு மொரிஸ் மைனரிடம் தோற்பார். அந்தக் காலத்து பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். நம் ஊரில் இன்னும் ஓடும் மைனர்களில் மாற்றாமல் அப்படியே இருப்பவையும் உண்டு. அவற்றில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ். ஆகவே எந்தக் கேபிள் பாடியில் போல்ட் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் கழன்று கடைசியில் ஏற வேண்டியது அதுதான்.

பழைய கராஜ் பாஸ்மாரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பெட்டரியைக் கழற்றி, எஞ்சின் நிற்கவில்லை என்றால் ஓல்டர்னேட்டர் நல்லது என்பார்கள். இன்றைய காரில் அதைச் செய்யவே விடாதீர்கள். திடீரென்று எகிறும் வோல்டேஜ் காரின் கணினியைச் சுட்டுவிடலாம். அந்த ஒரு பெட்டி பல பெட்டரிகளின் விலை.

ஹைபிரிட்டில் பெட்டரி இருக்கும் இடமும் வேறு. டொயோட்டா அக்வாவில் 12 வோல்ட் பெட்டரி பின் இருக்கைக்குக் கீழே, பல பிரியஸ்களில் பின்பக்கம் டிக்கியில். வாயு உள்ளே தங்காமல் வெளியேற அதற்கு ஒரு சிறு குழாய் உண்டு. சாதாரணப் பெட்டரியை அங்கே திணிப்பதும், புதியதில் குழாயைச் செருக மறப்பதும் தவறு. கரண்ட் இல்லாவிட்டால் பிரியஸின் டிக்கி திறக்காது, அதனால் வேலை முடியும்வரை மூடாதீர்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுங்கள். அது ஹைபிரிட்டை ஓட்டும் பெரிய பெட்டரியின் வழி. வீட்டில் தொடக்கூடாது. எஞ்சின் அடிக்கடி தானாக நின்று புறப்படும் கார்களுக்கு அதற்கென்றே செய்த பெட்டரி வேண்டும்.

முனைகளை வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவித் துடைத்து, பூட்டியபின் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். பெட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்குவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மஹியங்கனை இறக்கத்தின் 18 வளைவில் ஆடி ஆடியே தகடு உடையும். பூட்டிய பின்பு கடிகாரம் பூச்சியத்துக்குப் போவதும், ஜன்னல் கண்ணாடி ஒரே தட்டில் ஏறாததும், எஞ்சின் சற்று நேரம் முரண்டு பிடிப்பதும் வழமைதான்.

அமிலம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு நேராக வைத்தியசாலைக்கு. அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம்.

பழைய பெட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைச் சாய்க்காமல் நிமிர்த்தி வையுங்கள். வலைக்குக் குண்டு செய்யவென்று வீட்டில் யாரும் உருக்கக் கூடாது, அமிலத்தைக் கானில் ஊற்றவும் கூடாது. இங்கே ஊற்றுவது விக்டோரியாவுக்குத்தான் போய்ச் சேரும். செனகலின் டாக்கார் நகருக்குப் பக்கத்தில், பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த ஒரு குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் செத்தார்கள். வாங்கிய கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள், புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.