உயிரின் விலையும் மருந்தின் விலையும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்குவோரில் சிலர் கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ செல்வதில்லை. கையில் மருத்துவக் காகிதக் கட்டுடன் மெடிக்கல் காலேஜ் செல்லும் பேருந்தில் ஏறுகின்றனர். 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவ நிலையம், நாம் ஆர்.சி.சி. என வழங்குவது, அங்கேதான் உள்ளது. ஊரிலிருந்து வந்த உறவினருக்குத் துணையாக நம்மில் பலர் அதன் வாயிலில் காத்திருந்ததுண்டு.

அங்கே இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: "கீமோதெரபியுடன் இம்யூனோதெரபியும் சேர்த்தால் நல்லது என்கிறார்களே, வீட்டை விற்றாவது கொடுக்கலாமா?"

கீமோதெரபி, விரைந்து பெருகும் அணுக்களை நேராகத் தாக்கி அழிப்பது. இம்யூனோதெரபியின் வழி வேறு. நம் உடலின் காவற்படையைப் புற்றணு தடைபோட்டு நிறுத்திவிடுகிறது; அத்தடையை இம்மருந்து நீக்குகிறது. இந்நெறியைக் கண்ட ஜப்பானியர் ஹோஞ்சோவுக்கும் அமெரிக்கர் ஆலிசனுக்கும் 2018-இல் நோபெல் பரிசு கிடைத்தது. சிலருக்கு இதனால் ஆயுள் வெகுவாக நீள்கிறது, எல்லாருக்கும் அன்று. விலையோ, ஒரு முறைக்கே சாதாரணக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

எனவே அறிஞர் ஒரு கணக்குப் போடுகின்றனர். ஆரோக்கியமான ஓராண்டு வாழ்வு கூடுதலாகக் கிடைக்க, கூடுதலாக எவ்வளவு செலவாகிறது என்பதே அது. அத்தொகையை நாட்டின் தனிநபர் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். செல்வ நாடுகளில் தகும் என்று தேறிய மருந்தும் நம் நாட்டில் தேறாமற் போவது இதனாலேயே.

இவ்விடத்தில் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையார் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கருதத்தக்கது. முற்றிய வாய், தொண்டை முதலிய புற்றுநோயுற்ற 151 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினர்க்கும் விலை குறைந்த மாத்திரை மருத்துவம். ஒரு பிரிவினர்க்கு மட்டும் அதனுடன் நிவோலுமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்து, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் வீதம். வழக்கமான அளவோ இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு முடிவில் மாத்திரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 16 பேர் உயிருடனிருந்தனர். மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் 43 பேர். சிறு அளவே இத்துணைப் பயன் தந்தது! ஆயினும் இது நோயை வேரறுத்ததன்று. முழு அளவோடு ஒப்பிட்ட சோதனையுமன்று. பிற புற்றுநோய்களுக்கு இதனையே முடிவாகக் கொள்ளலுமாகாது.

இதனினும் மலிவான வழி நம் நகரத்திலேயே நிறுவப்பட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் 1996 முதல் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். புகையிலை, மது வழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் அறிவிக்கப்பட்டது. அவர்களிடையே ஓராண்டு ஆயுளைக் காக்க ஆன செலவு 156 டாலர் என 2009-இல் கணக்கிட்டனர்.

ஆகவே, மருந்தைப் பற்றி முடிவு செய்யுமுன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்நோய்க்கு இம்மருந்து எவ்வளவு காலம் கூட்டும்? குறைந்த அளவு பொருந்துமா? எப்போது நிறுத்தலாம்? 2024-இல் கேரள அரசு காருண்யா மருந்தகங்களில் தொடங்கிய இலாபமில்லா விற்பனையில் அம்மருந்து கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். வாயில் ஆறாத புண் கண்டால் நாளைக் கடத்தாதீர்கள்.

நன்கு கேட்டறிந்து, விலைமிக்க மருந்து வேண்டாமென முடிவு செய்த மகனோ மகளோ அன்பிற் குறைந்தவரல்லர். அவர்களை உறவினர் பழித்தலாகாது.